பேக்கப் போர்ட்

வலைச் சாதனங்களில் கம்பி வந்து பொருந்தும் இடத்துக்கு வழங்கும் 'போர்ட்' என்னும் சொல், துறைமுகத்தைக் குறிக்கும் அதே சொல்தானோ என்று எண்ணத் தோன்றினும், உண்மையில் அது வாயில் எனப் பொருள்படும் 'போர்ட்டா' என்னும் லத்தீன் பதத்தின் வழிவந்ததாகும். 'பேக்கப்' என்ற அடைமொழி சேரும்போது, பிரதான வாயில் பழுதுற்ற க்ஷணமே அதன் ஸ்தானத்தை ஏற்கும்பொருட்டு முன்னரே நியமிக்கப்பட்ட வாயில் என்பது பொதுவழக்கு. ஆயினும் வலைச் சாதனங்களுக்கென வகுக்கப்பட்ட 2001ஆம் ஆண்டின் 802.1டபிள்யூ என்னும் தரவிதி இப்பதத்தின் அர்த்தத்தைச் சுருக்கி, ஒரு ஸ்விட்ச் ஒரே வலைப்பகுதியோடு இரு வாயில்களால் இணைந்திருக்கையில், செய்திகள் முடிவின்றிச் சுழன்று வலையையே ஸ்தம்பிக்கச் செய்யாதவாறு அடைத்து வைக்கப்படும் இரண்டாவது வாயிலுக்கு மட்டுமே அதனை உரியதாக்கிற்று. வலைக்குத் தலைமையாகக் கொள்ளப்படும் மூல ஸ்விட்சை அடையும் வேறொரு பாதைக்குரிய வாயிலுக்கு அங்கே 'ஆல்டர்நேட்' என்று பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பெரும் பிழை; மூல ஸ்விட்சுக்குச் செல்லும் பாதை அறுந்தால் அதனை ஈடுசெய்வது ஆல்டர்நேட் வாயிலே.