கை பட்ட செம்பு

பழஞ்செப்புக் காசுகளைச் சேகரிப்பதை அமெரிக்கர் ஒரு சாத்திரமாகவே வளர்த்துள்ளனர். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அந்நாட்டின் பழைய ஒருசதக் காசுகளுக்கு ஒன்று முதல் எழுபது வரை தரம் வகுத்தார். தேய்ந்து உருக்குலைந்தது ஒன்று. அச்சிலிருந்து இறங்கிய பொலிவு குன்றாதது எழுபது. அதாவது, மக்கள் கை படப்படக் காசின் மதிப்புக் குறைகிறது. வரலாற்றை நாடும் நாமோ இக்கணக்கைத் தலைகீழாகவே வாசிக்க வேண்டும்.

1793இல் பிலடெல்பியாவில் அடிக்கப்பட்ட முதற் சதத்தின் ஒருபுறம் சுதந்திர தேவியின் தலை. மறுபுறம் பதினைந்து மாநிலங்களைக் குறிக்கும் பதினைந்து கண்ணிச் சங்கிலி. சுதந்திரத்தின் பின்னே சங்கிலியா என்று அன்றே கண்டனம் எழுந்தது. அவ்வாண்டிலேயே சங்கிலியை நீக்கி இலைமாலையைப் பொறித்தனர். காசை விட்டுச் சங்கிலி அகன்றது. அடிமைகளின் காலிலோ அது 1865 வரை கிடந்தது.

அக்காலத்தில் நம் திருகோணமலையிலும் செம்பு அடிபட்டது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் போல் இங்கும் ஒல்லாந்தக் கொம்பனி காசு அடித்து, தன் முத்திரையுடன் ஊரின் முதலெழுத்தையும் பொறித்தது. அதன் ஆட்சியில் இங்கும் அடிமைகள் இருந்தனர்; இலங்கையில் அடிமைமுறை ஒழிந்தது 1844இலேதான். 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. கொம்பனியும் அந்நூற்றாண்டோடு மறைந்தது. ஒல்லாந்தரின் சிறுகாசுப் பெயர் மட்டும் ‘துட்டு’ என நம் நாவில் தங்கிவிட்டது.

பொன் பெட்டகத்தில் உறங்கும். செம்புதான் சந்தைக்குப் போகும். உப்பு விற்றவளும் மீன் வாங்கியவனும் தொட்டுத் தொட்டுத் தேய்த்த முகமே அதன் வரலாறு. சேகரிப்போர் குறையென்று கழிப்பது, பெயரற்ற அம்மக்கள் விட்டுச் சென்ற ஒரே கையொப்பமன்றோ?

அக்கோட்டைக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருக்கிறது சம்பூர். 2006இல் யுத்தம் அவ்வூர் மக்களைத் துரத்தியது. பின்னர் அவர்களுடைய காணிகள் உயர்பாதுகாப்பு வலயமாயின. அனல் மின்நிலையத்துக்கும் கைத்தொழிலுக்குமென ஒதுக்கப்பட்டன. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே அவர்கள் ஊர் திரும்ப இயன்றது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் உடையவர் கை படாது கிடந்தது அம்மண். ஷெல்டனின் கணக்குப்படி அதற்கு எழுபது கொடுக்கலாம்! ஆனால், உழாத வயலும் இறைக்காத கிணறும் எவருக்குச் செல்வம்?

இன்று அம்மண்ணைக் கொத்தும் ஒருவர் கையில் பழஞ்செம்பொன்று அகப்படுமாயின், அதைத் துலக்கவோ வணிகரிடம் கொடுக்கவோ விரைய வேண்டாம். எவ்வயலில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடந்தது என்று எழுதிவைத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கட்டும். இடம் தெரியாத காசு வெறும் விலைப்பொருள். இடம் தெரிந்த காசோ, இவ்வூரில் மக்கள் வாழ்ந்தனர், வாங்கினர், விற்றனர் என்பதற்குச் சாட்சி. ஒருமுறை தம் ஊரை இழந்து மீட்டவர்களுக்கு அச்சாட்சியின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை.