நெட் போன் பேச எந்த கனெக்ஷன்? ஒரு சிறு வரலாறு

வெளிநாட்டில் இருக்கும் உறவினரோடு இன்டர்நெட் வழியாகப் பேசுவது இன்று சாதாரண விஷயம். ஆனால் "பேசுவதற்கு எந்தக் கம்பெனி கனெக்ஷன் நல்லது?" என்ற கேள்விக்கே 2002-க்கு முன் இந்தியாவில் இடமில்லை. காரணம் தொழில்நுட்பம் அல்ல, சட்டம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டுதான் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கம்ப்யூட்டர் மூலம் பேசும் மென்பொருளை வெளியிட்டது. ஆனால் ஐ.எஸ்.டி. அழைப்புகள் முழுவதும் வி.எஸ்.என்.எல். கையில் இருந்தன. அதன் வருமானத்தில் பெரும்பங்கும் அதுதான். தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்ள யார் முன்வருவார்கள்?

1998 நவம்பரில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே (பிறகு சிஃபி) முதல் தனியார் இன்டர்நெட் நிறுவனமாக வந்தது. ஆனாலும் 1999-ன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, இன்டர்நெட் தொலைபேசிக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை என்றே சொன்னது. வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்த கையோடு, 2002 ஏப்ரல் 1 முதல்தான் கதவு திறந்தது. அதுவும் பாதிதான்: கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசலாம், வெளிநாட்டு போனுக்கும் பேசலாம், உள்நாட்டு போனுக்கு மட்டும் கூடாது.

அடுத்து வந்தது வேகம். 2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. 2004-ன் பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட்டைக் குறைந்தபட்ச வேகம் என்று வைத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' தொடங்கியது.

இங்கே ஒரு கணக்கு போடலாம். சாதாரண போன் தரத்தில் குரலுக்கு 64 கிலோபிட் வேண்டும். முகவரித் தகவல்கள் சேர்ந்தால் சுமார் 80. போக, வர இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 72 எம்.பி. அதாவது 256 கிலோபிட்டே தாராளம்! அப்படியானால் குரல் ஏன் விட்டுவிட்டுக் கேட்டது?

256 என்பது டவுன்லோடு வேகம் மட்டுமே. பேசுபவரின் குரல் போவது அப்லோடு வழியாக. அதைவிட முக்கியம் தாமதம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் 150 மில்லி செகண்டுக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தாமதம் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் "ஹலோ ஹலோ" என்பார்கள். செயற்கைக்கோள் வழி என்றால் மேலே போய்க் கீழே வரவே கால் செகண்ட் ஆகிவிடும். 2006-ல் டிராய் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிமுறை இந்தத் தாமதத்துக்கும் வரம்பு வைத்தது. ஆனால் விளம்பரங்களில் பெரிதாகத் தெரிந்தது என்னவோ வேகம்தான்.

இது நகரத்துக் கதை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் கம்பி வழி கனெக்ஷன் என்றால் அப்போது பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். ஒன்றுதான் இருந்தது. அதுவும் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. செப்புக் கம்பி நான்கைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் டி.எஸ்.எல். தள்ளாட ஆரம்பித்துவிடும். ஆக, கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது வாடிக்கையாளர் அல்ல, கம்பியின் நீளம்.

ஒரு வசதி இருந்தது. சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு பயன்படுத்தினாலும் கணக்கில் வராது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அது மாலை நேரம். அங்கே மகன் வேலை முடிந்து வரும்போது இங்கே அம்மா விடியலுக்கு முன் எழுந்தால் செலவின்றிப் பேசலாம். துபாய்க்கு அந்த வழியும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் ஸ்கைப் அழைப்புகளைப் பல ஆண்டுகள் தடுத்தே வைத்திருந்தது. இந்த முனையில் எவ்வளவு நல்ல கனெக்ஷன் இருந்து என்ன பயன்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் மொபைல் டேட்டா மலிவானது. 2018-ல்தான் இன்டர்நெட்டிலிருந்து உள்நாட்டு போனுக்குப் பேசும் சேவைக்கு வழி பிறந்தது. 2025 மே மாதம் ஸ்கைப்பே மூடப்பட்டுவிட்டது.

இந்த வரலாறு சொல்லும் பாடம் எளியது. கனெக்ஷன் வாங்கும்போது டவுன்லோடு வேகத்தோடு அப்லோடு, தாமதம் இரண்டையும் கேளுங்கள். ஆனால் அதைக் கேட்கவே ஓர் ஊரில் இரண்டு கம்பெனியாவது இருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாகக் கிராமங்களுக்குக் குறைவாக இருந்தது வேகம் மட்டுமல்ல, அந்த இரண்டாவது கம்பெனியும்தான்.