ஆம்ப் மாடலர்: கையடக்கக் கருவியின் வரலாறும் தேர்வும்

ஆம்ப் மாடலர் என்பது பெரிய ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கிப் பெட்டி, மைக் எதுவும் இல்லாமலேயே அவை அனைத்தும் இருப்பது போல மின் கிட்டாரை ஒலிக்கச் செய்யும் மின்னணுக் கருவி. இன்று சட்டைப் பையில் அடங்கும் அளவிலும் கிடைக்கிறது. பயணத்தில் பயிற்சி செய்வோரும், வாடகை அறையிலேயே பாட்டைப் பதிவு செய்வோரும் இதை வாங்குகிறார்கள். விளம்பரங்கள் ‘இத்தனை ஆம்ப், இத்தனை எஃபெக்ட்’ என்று எண்ணிக்கையைச் சொல்லி விற்கின்றன. கருவி பிறந்த காரணத்தைப் பார்த்தால், அந்த எண்ணிக்கை கடைசியாகக் கவனிக்க வேண்டியது என்பது தெரியும். பெரிய சத்தத்தில் மட்டுமே கிடைத்த ஓர் ஒலியை, பக்கத்தில் தூங்குபவர் விழித்துக்கொள்ளாமல் கேட்பதற்காகப் பிறந்த கருவி இது.

வல்லம் வடகாலில் மூன்று இசைக்கவைகள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்தடத்தில் கார், லாரி, கண்ணாடி, கைபேசி என்று பலவும் உருவாகின்றன. வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 2015 முதல் யமஹா மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. அந்த வண்டிகளின் பெட்ரோல் டேங்கில் உள்ள சின்னத்தை உற்றுப் பார்த்தால் மூன்று இசைக்கவைகள் தெரியும். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டி அதிரச் செய்வோமே, அதே இசைக்கவைதான். மோட்டார் சைக்கிளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். ஜப்பானின் ஹமாமட்சு நகரில் ஒரு பள்ளியின் ஆர்மோனியத்தைப் பழுது பார்த்த டொரகுசு யமஹா, 1887-ல் தாமே அத்தகைய இசைக்கருவியைச் செய்யத் தொடங்கினார். 1897-ல் அது நிப்பான் காக்கி என்ற நிறுவனமானது. மோட்டார் சைக்கிள் பிரிவு 1955-ல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. இரண்டும் ஒரே சின்னத்தை வைத்திருக்கின்றன. மோட்டார் நிறுவனச் சின்னத்தில் இசைக்கவைகளின் முனை வெளி வட்டத்தைத் தொடும், இசை நிறுவனச் சின்னத்தில் தொடாது.

இசை நிறுவனமும் சென்னையை ஒட்டித் தொழிற்சாலை அமைத்து, 2019-ல் கீபோர்டுகளையும் அக்குஸ்டிக் கிட்டார்களையும் தயாரிக்கத் தொடங்கியது. வீட்டில் வாசிப்பதற்கென்றே அந்நிறுவனம் டிஎச்ஆர் என்ற சிறு மாடலிங் ஆம்பை 2011-ல் வெளியிட்டிருந்தது. மேடைக்கு ஓர் ஆம்ப், ஒத்திகைக்கு ஓர் ஆம்ப், மூன்றாவதாக வீட்டுக்கு ஒன்று என்பது அதன் கருத்து. இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள், பேட்டரியில் இயங்கும் வசதி, கணினியில் பதிவு செய்ய யுஎஸ்பி இணைப்பு ஆகியவை அதில் இருந்தன. மாடலிங் துறையின் முன்னோடியான லைன் 6 நிறுவனத்தையும் யமஹா பின்னர் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

சத்தம் ஏன் தேவைப்பட்டது

மின் கிட்டாரின் தந்தியதிர்வைக் காந்தச் சுருள் மிகச் சிறிய மின்னலையாக மாற்றுகிறது. வால்வு ஆம்ப் அதைப் பெருக்குகிறது. தாங்கும் எல்லையைத் தாண்டி உள்ளீடு வந்தால் வால்வில் அலையின் உச்சி தட்டையாகிவிடும். பொறியாளருக்கு அது பிழை. 1950களிலும் 60களிலும் இளம் கிட்டார் கலைஞர்களுக்கு அந்தப் பிழையே குரலாக அமைந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தக் குரல் ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்தால்தான் வரும். 1960களின் நடுவில் 100 வாட் ஆம்புகள் வந்துவிட்டன. அரங்கத்துக்கு அது சரி. குடித்தனம் நடக்கும் வீட்டுக்கு?

இந்தக் கேள்விக்கு ஆரம்பகால விடைகளில் முக்கியமானதைத் தந்தவர் அமெரிக்காவின் டாம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்து, போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பகலில் அலுவலகம், இரவில் வீட்டு நிலவறையில் ஒலிப்பதிவு. அப்படி உருவான அவருடைய ‘பாஸ்டன்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1976-ல் வெளிவந்தது. 1982-ல் அவர் வெளியிட்ட ராக்மேன், சோனி வாக்மேனைப் போல இடுப்பில் மாட்டும் பெட்டி. கிட்டாரை ஒரு பக்கமும் ஹெட்போனை மறுபக்கமும் செருகினால் போதும்.

ராக்மேனில் ஒரு நுட்பம் உண்டு. கிட்டார் ஆம்பின் ஒலிபெருக்கி உயர்ந்த அதிர்வெண்களைச் சரியாக வெளியிடாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக அடங்கிவிடும். சிதைந்த கிட்டார் ஒலியை அப்படியே ஹெட்போனில் கேட்டால் காதருகே கொசு பறப்பது போலிருக்கும். ஷோல்ஸ் ஒலிபெருக்கியின் அந்தக் குறையையும் சேர்த்தே தம் பெட்டிக்குள் அமைத்தார். குறையையும் நகலெடுத்தால்தான் நகல் உண்மையாகும் என்பதை இத்துறை அப்போதே கற்றுக்கொண்டது. 1989-ல் நியூயார்க்கின் டெக் 21 நிறுவனம் வெளியிட்ட சான்ஸ்ஆம்ப், இதே வேலையை ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகச் செய்தது.

அடுத்த மாற்றம் எண்முறைக் கணிப்பு. ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 1995-ல் வந்தது. லைன் 6 நிறுவனம் 1996-ல் மாடலிங் ஆம்பையும், 1998-ல் பாட் என்ற சிவப்புப் பெட்டியையும் கொண்டுவந்தது. சிறுநீரக வடிவில் மேசைமேல் வைக்கத்தக்க அந்தப் பெட்டிதான் ‘மாடலர்’ என்ற சொல்லைப் பரவலாக்கியது. பின்னாளில் ஒலிபெருக்கிப் பெட்டியின் தன்மையைத் தனியே பதிவு செய்து பயன்படுத்தும் முறை பரவியது. கோயில் மண்டபத்தில் ஒருமுறை கைதட்டி, எதிரொலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு எந்தப் பாட்டையும் அந்த மண்டபத்தில் பாடியது போலக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அதே தத்துவம். 2020களில் நரம்பு வலையமைப்பு முறையில் ஓர் ஆம்பின் நடத்தையையே கற்றுக்கொள்ளும் திறமூல மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. இன்று விலை குறைந்த கருவியும் நல்ல ஒலியைத் தருவதற்கு இவையே காரணம்.

கமகத்தின் வால்

இக்கருவிகள் பெரும்பாலும் ராக் இசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் மின்தந்திக் கருவிகளின் வழி சற்று வேறு. யு. ஸ்ரீனிவாஸ் ஐந்து தந்தி மின் மாண்டலினில் கர்நாடக இசையை முழுமையாக வாசித்துக் காட்டினார். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, பின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குச் சென்ற ஆர். பிரசன்னா, மின் கிட்டாரில் அதையே செய்கிறார். கமகம் என்பது ஒரே மீட்டலில் சுரங்களுக்கிடையே இழைந்து செல்வது. மீட்டிய பின் ஒலி நீண்டு நிற்க வேண்டும். மின் பெருக்கம் அந்த நீட்சியைத் தருகிறது. மாண்டலின் போன்ற சட்டென்று அடங்கும் வாத்தியத்துக்கு அது பெரிய வரம்.

மாடலரில் இரைச்சலை அடக்க ‘நாய்ஸ் கேட்’ என்ற வாயில் ஒன்று உண்டு. ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அது மூடிக்கொள்ளும். அதிரடியான ராக் வாசிப்புக்கு உதவும் இந்த வாயில், இழைந்து தேயும் கமகத்தின் வாலை வெட்டிவிடும். ஆகவே கர்நாடக இசையோ மெல்லிசையோ வாசிப்பவர், இந்த வாயிலை முழுவதும் அணைக்க முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிதைவில்லாத ஒலி எப்படியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர் வாசித்துக் காட்டுவது பெரும்பாலும் சிதைவொலியாகவே இருக்கும். அதில் எந்தக் கருவியும் நன்றாகத்தான் தோன்றும்.

ஒலிப்பதிவுக்கும் சென்னையில் ஒரு முன்கதை உண்டு. கோடம்பாக்கத்தின் பெரிய கூடங்களில் வாத்தியக் கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்த காலத்தில், கிட்டார் ஆம்பின் சத்தம் வயலினுக்கான மைக்கில் புகுந்துவிடும். இளையராஜா இசையமைப்பாளராவதற்கு முன் கிட்டார் வாசித்தது அத்தகைய கூடங்களில்தான். ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் தம் வீட்டு வளாகத்தில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். வீட்டுக்குள் ஒலிப்பதிவு என்பது அன்று பெருஞ்செலவு. யுஎஸ்பி கம்பியுள்ள மாடலர் அதன் மிகச் சிறிய வடிவம்.

அறைக்கு ஆறு பேர்

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அறைக்கு ஆறு பேர் என்பது கணக்கு. தொழிற்தடத்தின் மற்ற பகுதிகளிலும் இளைஞர்கள் வாடகை அறைகளைப் பகிர்ந்துகொண்டே வாழ்கிறார்கள். ஷிப்டு முறையில் ஒருவருடைய மாலை இன்னொருவருடைய நள்ளிரவு. அக்குஸ்டிக் கிட்டாருக்கு அங்கே இடமில்லை. கூடு இல்லாத மின் கிட்டாரோ, மின் இணைப்பு இல்லாதபோது அடுத்த கட்டிலுக்கு லேசாகத்தான் கேட்கும். அதோடு ஒரு மாடலரும் ஹெட்போனும் சேர்ந்தால் பயிற்சி நடக்கும். இங்கே வாங்குபவருக்கு எது முக்கியம்?

முதலில் தாமதம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். கருவி 10 மில்லி வினாடி தாமதித்தால், 3.4 மீட்டர் தள்ளி வைத்த ஆம்பைக் கேட்பதற்குச் சமம், பழகிக்கொள்ளலாம். சாதாரண புளூடூத் ஹெட்போன் 100 முதல் 200 மில்லி வினாடி வரை தாமதிக்கும். அது மைதானத்தின் மறுகோடியிலிருந்து கேட்பது போல, தாளம் நிற்காது. போனிலிருந்து பாட்டை மாடலருக்கு அனுப்ப புளூடூத் போதும். மாடலரிலிருந்து காதுக்குக் கம்பி வேண்டும், அல்லது கிட்டாருக்கென்றே செய்த கம்பியில்லா இணைப்பு வேண்டும்.

அடுத்தது காது. இதைத்தான் எவரும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபலில் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். தகடு அழுத்தும் பிரஸ் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றவரின் காது அன்றைய பங்கை ஏற்கெனவே செலவழித்திருக்கும். காது மரத்திருக்கும்போது ஹெட்போனை இன்னும் கூட்டி வைக்கத் தோன்றும் என்பதுதான் ஆபத்து. எனவே ஒலியளவைக் கையால் திருப்பும் குமிழ் கருவியிலேயே இருப்பது நல்லது. வேலையில் காதடைப்பான் அணிவது எந்த மாடலரையும்விட இசைக்கு அதிகம் உதவும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போன் சார்ஜரிலேயே ஏறும் பேட்டரி இருந்தால் போதும். விடுதியறையின் ஃபேன் ரெகுலேட்டரும் மலிவான சார்ஜரும் ஒற்றைச் சுருள் கிட்டாரில் இரைச்சலைக் கிளப்பும். பேட்டரியில் வாசித்து, சற்றுத் திரும்பி உட்கார்ந்தால் குறையும். லித்தியம் பேட்டரியுள்ள கருவியை விமானத்தில் கைப்பையில் வைப்பதே முறை.

பதிவுக்கு ஒரு வசதியை மட்டும் கேட்டு வாங்கலாம். சில மாடலர்கள் ஆம்ப் ஒலியையும், கிட்டாரின் வெறும் ஒலியையும் தனித்தனித் தடங்களாக ஒரே நேரத்தில் அனுப்பும். வெறும் ஒலி கையில் இருந்தால், வாசிப்பு நன்றாக அமைந்து ஆம்ப் பொருந்தாமல் போனாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஷிப்டு முடிந்து கிடைக்கும் அரை மணியில் ஒருமுறை நன்றாக வாசித்ததை மறுபடி வாசிக்க நேரம் கிடைப்பது அரிது.

கடைசியாக, கருவியின் ஆயுள். பல புதிய மாடலர்களின் அமைப்புகளைப் போன் செயலி வழியாகத்தான் மாற்ற முடியும். போனின் இயங்குதளம் மாறி, நிறுவனம் செயலியைப் புதுப்பிக்காவிட்டால் கருவி பாதி ஊமையாகிவிடும். மின்னணுப் பொருள்கள் எவ்வளவு வேகமாகக் காலாவதியாகும் என்பதை இத்தடத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. ஐரிக் என்ற சிறு இணைப்பி 2010-ல் ஐபோனின் ஹெட்போன் துளையில் கிட்டாரைச் செருக வழிசெய்தது. 2016-ல் வந்த ஐபோன் 7-ல் அந்தத் துளையே இல்லை. ஐபோன் 15 2023-ல் யுஎஸ்பி-சி துளையோடு வந்தது. அது ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையிலும் தயாரானது. அந்தப் போனையும் மாடலரையும் இன்று ஒரே கம்பியால் இணைத்துப் பதிவு செய்யலாம். ஐரிக் வைத்திருப்பவர் இடையில் ஒரு மாற்றுத் துண்டு தேட வேண்டும். 1998-ன் பாட் கிடைத்தால் குமிழ்களைத் திருப்பினால் போதும், செயலி எதுவும் கேட்காது. அதன் அடாப்டர் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.