கோலார்த் தங்கமும் பங்கின் விலையும்

ஒரு கம்பெனியின் பங்கு எத்தகையது என்று மதிப்பிடுவோர் அதன் ஆதாயத்தையும் அபாயத்தையும் விலை செல்லும் போக்கையும் ஆராய்வர். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரிலுள்ள கோலார் தங்கவயலின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு நல்ல உரைகல்.

1880இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றியது. நாலைந்து ஆண்டுகளில் மூலதனம் அநேகமாகக் கரைந்து, பங்கின் விலையும் சரிந்தது. விலைப் போக்கை மட்டும் நம்பியவன் அன்றே விற்றுத் தீர்த்திருப்பான். எஞ்சிய பணத்தையும் தோண்டுவதிலேயே செலவிடுமாறு ஜான் டெய்லர் கம்பெனியார் பங்குதாரரை இணங்கச் செய்தனர். பண்டைக் காலத்தார் விட்டுச்சென்ற குழிகளுக்கு அடியில், பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி வளமான தாதுப் படிவத்தைக் கண்டார். அதன்பின் பல்லாண்டுகள் லாப ஈவு பெருகிற்று.

ஆயினும் சுரங்கத்தின் ஈவு நெல்வயலின் விளைச்சலைப் போன்றதன்று. வெட்டிய தாது மறுபடி முளைப்பதில்லை. ஆகவே கைக்கு வரும் ஈவில் ஒரு கூறு, போட்ட முதலே திரும்பி வருவதுதான். அதனைக் கழித்தே ஆதாயத்தைக் கணக்கிட வேண்டும். கணக்கில் கெட்டிக்காரர்கூட இதை மறப்பதுண்டு.

அபாயமோ, லண்டன் பங்குதாரருக்குப் பணத்தோடு நின்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம் தொழிலாளருக்கு அது பாறை வெடிப்பாகவும், நுரையீரலில் படியும் கல்தூசியாகவும் வந்தது. எந்தப் பங்கு விலைப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை.

1956இல் அரசுடைமையான சுரங்கங்கள், 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபின், 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. அத்தொழிலாளரின் வழிவந்தோர் பலர், இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.