மீளும் வழியே மேம்பாடு: சுவிட்ச் இயக்க மென்பொருள் குறித்த ஓர் ஆய்வு

நெட்வொர்க் சுவிட்சின் இயக்க மென்பொருளில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் நீண்டதொரு அம்சப் பட்டியலும் கூடவே வருகிறது. பட்டியலின் நீளத்தைக் கொண்டு வளர்ச்சியை அளக்கும் வழக்கத்தை இக்கட்டுரை மறுக்கிறது. மனிதர் செய்யும் பிழையிலிருந்து மீள மென்பொருள் வழி வைத்திருக்கிறதா என்பதே முதல் அளவுகோலாக வேண்டும்.

ஒரு சான்று. சிஸ்கோ ஐஓஎஸ் ஓடும் சுவிட்சில், பத்து விலான்களுக்கு அனுமதி தந்துள்ள டிரங்க் போர்ட்டில் 20ஆம் விலானையும் சேர்க்க வேண்டும். ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் ஆட் 20’ என்பது அதற்குரிய கட்டளை. ‘ஆட்’ விடுபட்டால் பழைய பத்தும் நீங்கி 20 மட்டும் எஞ்சும். என்டர் தட்டிய கணமே அது நடைமுறைக்கு வந்துவிடும். நீங்கிய விலான் ஒன்றின் வழியாகத்தான் நிர்வாகி உள்ளே வந்திருந்தார் என்றால், திருத்தும் வழியும் அடைபட்டுப்போகும். கன்சோல் கேபிளோடு நேரில் போக வேண்டியதுதான். இதற்கு அஞ்சியே அனுபவசாலிகள் முன்கூட்டியே ‘ரீலோட் இன் 10’ கொடுத்துவைக்கிறார்கள். தொடர்பு அறுந்தாலும் பத்து நிமிடத்தில் சுவிட்ச் ரீபூட் ஆகிச் சேமித்த அமைவுக்குத் திரும்பும். ஆனால் ஒரு போர்ட்டில் நேர்ந்த பிழைக்காக எல்லாப் போர்ட்டுகளும் அணைய நேர்கிறது.

1998இல் ரூட்டர்களுக்காக வந்து, 2008இல் ஈஎக்ஸ் வரிசை வழியே சுவிட்சுகளுக்கும் வந்த ஜூனிப்பரின் ஜூனோஸ் இச்சிக்கலை வேரிலேயே தீர்த்தது. மாற்றங்கள் முதலில் வரைவில் சேர்கின்றன. ‘கமிட்’ கொடுத்தபின் ஒருசேர நடைமுறைக்கு வருகின்றன. ‘கமிட் கன்ஃபர்ம்டு’ கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைவு தானாகத் திரும்பும், ரீபூட் தேவையில்லை. 2006இல் வெளியான நெட்கான்ஃப் நெறிமுறை (ஆர்எஃப்சி 4741) இவ்வசதியைப் பொதுத் தரத்துக்குள் கொண்டுவந்தது. அங்கும் கெடு 600 நொடிதான். எனினும் அதைக் கட்டாயமாக்காமல் விருப்பத்துக்கு விட்டது அத்தரத்தின் குறை.

தானியக்கக் கருவிகள் வந்தபின் தட்டச்சுப் பிழை ஏது என்று சிலர் கேட்கலாம். கையால் செய்த பிழை ஒரு சுவிட்சோடு நிற்கும். ஸ்கிரிப்டில் புகுந்த பிழை நூறு சுவிட்சுகளுக்கு ஒரே நிமிடத்தில் போய்ச் சேரும். தானியக்கம் பெருகப் பெருக மீளும் வழியின் தேவையும் பெருகுகிறது. குறித்த நேரத்தில் உறுதிசெய்யாத மாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதி பின்னாளில் ஐஓஎஸ்ஸிலும் சேர்ந்தது. இத்தேவைக்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

மருத்துவமனையும் வங்கியும் ரயில் முன்பதிவும் சுவிட்சுகளை நம்பி இயங்குகின்றன. ஆகவே கொள்முதலுக்கு டெண்டர் எழுதுவோர், தானாக மீளும் வசதியைக் கட்டாய நிபந்தனைகளில் முதலாவதாக வைக்க வேண்டும்.