படுக்கையருகே வந்த எக்ஸ்ரே: திரா முதல் முண்டியம்பாக்கம் வரை

காயம்பட்டவரை நகர்த்தாமல் அவர் கிடக்கும் இடத்துக்கே எக்ஸ்ரேயைக் கொண்டுபோகும் முயற்சிக்கு வயது நூற்றிருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இயற்பியலாளர் ராண்ட்ஜன் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் அந்தக் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். 1897-98-ல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் திராப் படையெடுப்பு நடந்தபோது, ராணுவ மருத்துவர் வால்டர் பீவர் ஒரு சாதனத்தை மலைநாட்டுக்குள் கொண்டுசென்று காயமுற்ற வீரர்களைப் படமெடுத்தார். அதுவரை உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட மருத்துவரிடம் இருந்தவை விரலும் சலாகையும்தான். தேடலே காயத்தைப் பெரிதாக்கிச் சீழ் பிடிக்க வைத்தது. குண்டு எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கத்தி ஒருமுறை பட்டால் போதும். இந்த ஒரு பயனுக்காகவே மருத்துவர்கள் அந்தப் பெருஞ்சுமையைத் தூக்கிச் சென்றார்கள்.

களத்து எக்ஸ்ரேயின் வரலாற்றில் பாதி, மின்சாரத்தின் வரலாறு. 1898-ல் சூடான் போரில் ஜான் பாட்டர்ஸ்பி என்ற ராணுவ மருத்துவர் இருவர் மிதிக்கும் சைக்கிளோடு டைனமோவை இணைத்து பேட்டரியை ஏற்றினார். 1914-ல் மேரி கியூரி மோட்டார் வண்டியின் எஞ்சினையே டைனமோவுக்குப் பயன்படுத்தி, பிரெஞ்சுப் போர்முனை மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே வண்டிகளை அனுப்பினார். பழைய எக்ஸ்ரே குழாய்களில் எஞ்சியிருந்த வாயுவின் அளவு மாற மாறக் கதிரின் வீரியமும் மாறியது. 1913-ல் வில்லியம் கூலிட்ஜ் உருவாக்கிய வெற்றிடக் குழாய் அந்தக் குறையைப் போக்கியது. கதிரின் அளவையும் ஊடுருவும் திறனையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடிந்ததால், சிறிய இயந்திரமும் நம்பத்தக்கதாயிற்று.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் அமைந்தது. விழுப்புரத்தை உள்ளடக்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டக் கிராமங்களுக்கு அது எட்டாத தொலைவு. எக்ஸ்ரேக்கு மின்சாரமும் இருட்டறையும் வேண்டும், ஃபிலிமைக் கழுவத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆகவே அது நகரத்தோடு நின்றது. வரப்பில் விழுந்தவரும் மாட்டுவண்டியில் அடிபட்டவரும் கட்டு போடுபவரிடம் போனார்கள். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, துணி ஆகியவற்றைக் கொண்டு போடும் புத்தூர் கட்டு இன்றும் ஆள் இழுக்கிறது. கைகால் எலும்பு விலகியதைப் பழகிய விரல் கண்டுகொள்ளும். இடுப்பெலும்பின் பிளவையும் விலா குத்திக் கிழித்த நுரையீரலையும் அந்த விரலால் அறிய முடியாது.

வண்டியில் வந்த எக்ஸ்ரேயை இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பார்த்தது விபத்துக்காக அல்ல, காசநோய்க்காக. அண்டை மாவட்டமான செங்கல்பட்டில் 1968-ல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் ஊர் ஊராக மக்களின் மார்பு படமெடுக்கப்பட்டது. இயந்திரம் மக்களைத் தேடிப் போக முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

விபத்துக் காயத்தை இங்கே பெரும் பிரச்சினையாக்கியது சாலைதான். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. ரோடு திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுச் செல்கிறது. புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் பாதைகள் பிரிவதும் இந்த ஊர்களில்தான். சாலை நான்கு வழியானபின் வேகம் கூடியது. அந்த வேகத்தில் மோதினால் ஒரே உடலில் மார்பு, இடுப்பு, தொடை எனப் பல இடங்கள் ஒருசேர நொறுங்குகின்றன. கடுமையான காயமென்றால் நெடுங்காலம் விழுப்புரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ, சென்னைக்கோதான் போக வேண்டியிருந்தது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2010-ல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, நெடுஞ்சாலையை ஒட்டிய முண்டியம்பாக்கத்தில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம், திண்டிவனத்துக்கு வடக்கே அதே சாலையிலுள்ள மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.

ஆம்புலன்சிலேயே எக்ஸ்ரே இருக்கக் கூடாதா என்ற கேள்வி இயல்பானது. சாலையோரத்தில் படமெடுக்கச் செலவாகும் நிமிடங்கள் இரத்தம் வடியும் நிமிடங்கள். அங்கே வேண்டியவை மூச்சுவழி, இரத்தப்போக்குக் கட்டுப்பாடு, கழுத்தசையாமல் ஏற்றுவது, விரைந்து கொண்டுசேர்ப்பது. ஆகவே விபத்துச் சிகிச்சையில் போர்ட்டபிள் எக்ஸ்ரேயின் களம் அவசரப் பிரிவின் படுக்கைதான். வந்த சில நிமிடங்களில் மார்புக்கும் இடுப்புக்கும் படுத்தபடியே படம் எடுக்கப்படுகிறது. உடைந்த இடுப்போடு ஒருவரை ஸ்ட்ரெச்சரில் எக்ஸ்ரே அறைக்கு உருட்டிப்போய் மேசைக்கு மாற்றினால், உறைந்து நின்ற இரத்தம் மறுபடி பெருகக்கூடும். சக்கரம் வைத்த இயந்திரத்தின் அருமை அங்கேதான் தெரியும்.

ஃபிலிம் காலத்தில் கேசட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பார்ப்பார்கள். கதிர் கூடியோ குறைந்தோ இருந்தால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். முதுகுக்கடியில் வைக்கும் டிஜிட்டல் தகடு வந்ததும் படம் சில நொடிகளில் திரையில் தெரிந்தது, இருட்டறையும் தேவையற்றதாயிற்று.

இப்போது சுமார் மூன்றரைக் கிலோ எடையுள்ள, பேட்டரியில் இயங்கும் கையடக்கக் கருவிகளும் வந்துவிட்டன. இந்தியாவில் அவை பெரிதும் காசநோய் முகாம்களில் பயன்படுகின்றன. மார்பு, கை, கால் எலும்புகளுக்கு அவற்றின் ஆற்றல் போதும். தடித்த இடுப்பையும் பக்கவாட்டு முதுகெலும்பையும் தெளிவாகக் காட்டப் பெரும்பாலும் போதாது. அந்தக் காயங்களுக்கு மருத்துவமனையின் சக்கர இயந்திரமும் சி.டி. ஸ்கேனும் வேண்டியிருக்கின்றன.