கோமாளியின் முகமூடி யாருடைய பெட்டியில்?

இங்கே நியூ ஜேர்சியில் எடிசன், ஐசலின் பக்கம் இருக்கும் இந்தியப் பலசரக்குக் கடைகளுக்குப் போனீர்கள் என்றால், வாசலில் தள்ளுவண்டிகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு மேலே அநேகமாக ஒரு பலகை இருக்கும். வாடகைக்கு அறை, பரதநாட்டிய வகுப்பு, வீட்டுச் சாப்பாடு, வருமானவரி நிரப்பித் தரப்படும்... இவற்றுக்கு நடுவில் ஒரு கோமாளி சிரித்துக்கொண்டு நிற்பான். பிறந்தநாள் விழாக்களுக்கு மஜிக், பலூன் நாய்க்குட்டி, பிள்ளைகளின் முகத்தில் வர்ணம். கீழே தொலைபேசி இலக்கத்தைக் கிழித்தெடுக்க வசதியாக வெட்டிவிட்ட வால்கள். பாதி வால் கிழிபட்டிருந்தால் தொழில் ஓடுகிறது என்று அர்த்தம்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். (வணிகம் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றுபோனவனுக்கு இப்படிக் கேள்விகள்தான் மிச்சம்.) கடையால் கோமாளிக்கு இலாபமா, கோமாளியால் கடைக்கு இலாபமா? இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு எண்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. அதில் கோமாளி வருகிறான், எலி வருகிறது, கரடி வருகிறது, நீதிமன்றமும் வருகிறது.

முதலில் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கோயில் வீதியில் நிற்கும் பலூன்காரன் எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் போட்டதில்லை. கூட்டத்தைக் கூட்டுவது முருகனின் வேலை. கூட்டத்துக்குள் பிள்ளையின் கண்ணில் படுவது பலூன்காரனின் வேலை. கச்சான் விற்கும் ஆச்சிக்கும் இதே கணக்குத்தான். ஆள் சேரும் இடத்தில் போய் நில். இதற்கு மேல் விளம்பரக்கலையில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் கோயில் பலூன்காரனைச் சொந்தமாக்கிக்கொள்ள நினைப்பதில்லை. கடை நினைக்கும். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

1946 இல் கப்பிட்டல் ரெக்கோர்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை செய்த அலன் லிவிங்ஸ்டன் என்பவர் பிள்ளைகளுக்காக ஒரு இசைத்தட்டும் படப்புத்தகமும் சேர்ந்த கட்டு ஒன்றை உருவாக்கினார். தட்டில் கோமாளி கதை சொல்லுவான். சத்தம் கேட்டதும் பிள்ளை பக்கத்தைப் புரட்டவேண்டும். அந்தக் கோமாளியின் பெயர் போஸோ. குரல் கொடுத்தவர் பின்ரோ கொல்விக். தட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. விற்பனையைக் கூட்ட நிறுவனம் ஆட்களுக்குப் போஸோ வேடம் போட்டு விளம்பர நிகழ்ச்சிகளுக்கு அனுப்பியது. அப்படிக் கூலிக்கு வேடம் போட்டவர்களில் ஒருவர் லாரி ஹார்மன். மற்றவர்கள் வேடத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஹார்மன் 1956 இல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு போஸோவின் உரிமையையே வாங்கிவிட்டார்!

அதன்பிறகு அவர் செய்தது கெட்டித்தனமான வேலை. நாடு முழுவதற்கும் ஒரு போஸோ என்று வைக்காமல், ஒவ்வொரு ஊர்த் தொலைக்காட்சி நிலையத்துக்கும் தனித்தனியாக உரிமம் விற்றார். ஊருக்கொரு போஸோ. ஊர்ப்பிள்ளைகளுக்கு அவர் தங்கள் ஊர் ஆள். இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு அவர் போஸோவாகப் பயிற்சி கொடுத்ததாகச் சொல்வார்கள். வேடம் போட்டவர் யாராக இருந்தாலும் காசு ஹார்மனுக்கு வந்துகொண்டிருந்தது. சிக்காகோவில் 1961 இல் தொடங்கிய போஸோ நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டுக் கேட்டுப் பதிந்துவிட்டுப் பெற்றோர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த நிகழ்ச்சி 2001 இல்தான் ஓய்ந்தது.

வோஷிங்டனில் போஸோவாக நடித்தவர் வில்லர்ட் ஸ்கொட், நல்ல வாய்க்காரர். அந்தப் பகுதியில் மக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய ஜோன் கிப்சன், ஒஸ்கார் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் அந்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்தார்கள். போஸோவைத் தங்கள் கடைக்கும் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் குவிந்தார்கள். பிள்ளை தனியாக வராது. தாய், தகப்பன், தம்பி, தங்கச்சி என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். நான் வேலை செய்யும் உணவகத்திலும் பார்க்கிறேன். பிறந்தநாள் பிள்ளை சாப்பிடுவது இரண்டு வாய். அந்த மேசைக்குப் போவது பதினைந்து கோப்பை.

பிறகு வோஷிங்டன் நிலையம் போஸோ நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. கடைக்காரர்களுக்குக் கூட்டம் வேண்டும். போஸோவோ ஹார்மனின் சொத்து. அப்படியென்றால் சொந்தமாக ஒரு கோமாளி செய்துகொள்வோமே! 1963 இல் அதே ஸ்கொட்டுக்குக் காகிதக் கோப்பையில் மூக்கும், சாப்பாட்டுத் தட்டில் தொப்பியும் வைத்து ரொனால்ட் மக்டொனால்ட் என்று பெயர் சூட்டித் தொலைக்காட்சி விளம்பரத்தில் விட்டார்கள். முதலாம் ரொனால்ட் அவர்தான். ஆனால் ரொனால்ட் நாடு முழுவதற்கும் போகும் காலம் வந்தபோது வேடம் வேறு ஆளுக்குப் போனது. ஸ்கொட் அதற்குப் பருமனாக இருந்தார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இருந்தாலும் ஸ்கொட் கெட்டுப்போகவில்லை. பிற்காலத்தில் என்பிசி தொலைக்காட்சியில் காலநிலை சொல்லி நாடறிந்த மனிதரானார். 2021 இல் காலமானார். ஆனால் அவருடைய கோமாளி அவருடையதாக இருக்கவில்லை. அது கடையுடையது.

இப்போது நாட்டின் மறுகரைக்குப் போவோம். 1972 இல் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரத்தில் அன்டி கப்ஸ் என்ற மதுக்கடையில் ஒரு புதிய விளையாட்டு இயந்திரத்தைப் பரிசோதனைக்கு வைத்தார்கள். நோலன் புஷ்னெலும் ரெட் டப்னியும் தொடங்கிய அட்டாரி நிறுவனத்தின் 'பொங்' அது. கொஞ்ச நாளில் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று கடையிலிருந்து அழைப்பு. அதைச் செய்த பொறியியலாளர் அல் அல்கோர்ன் போய்த் திறந்து பார்த்தால், பழுது ஒன்றுமில்லை. காசு விழும் பெட்டி நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டு நிற்கிறது!

அந்தக் காலத்தில் இயந்திரத்தைக் கடையில் வைத்தவரும் கடைக்காரரும் வரும் சில்லறையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். அட்டாரி இயந்திரத்தை ஒருமுறை விற்பதோடு சரி. அதற்குள் ஆயுள் முழுக்க விழும் காசு வேறு ஆட்களுக்குப் போனது. புஷ்னெலுக்கு இது உறுத்தியது. அவர் மாணவனாக இருந்தபோது யூட்டாவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் வேலை செய்தவர். சில்லறையின் சுவை தெரிந்தவர். கடையையே நாங்கள் நடத்தினால் என்ன? 1977 மே 17 அன்று சான் ஹொசேயில் முதலாவது 'பீட்சா ரைம் தியேட்டர்' திறந்தது. பீட்சாவைத் தெரிவுசெய்ததற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. செய்வது சுலபம், பிழைக்க இடம் குறைவு, வேகும்வரை காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பிள்ளை காசு போட்டு விளையாடும்! சமையலறையில் நிற்பவனுக்குப் பிந்துகிற சாப்பாடு என்றால் வயிற்றைக் கலக்கும். இந்த மனிதர் பிந்துவதையே வியாபாரமாக்கினார்.

சுவரில் இயந்திர மிருகங்கள் பாடின. தலைவன் ஒரு எலி. புஷ்னெல் ஓநாய் என்று நினைத்து வாங்கிய வேட உடை எலியாக இருந்ததால் எலியே நிலைத்தது என்று கதை. 'எலியின் பீட்சா' என்றால் யார் சாப்பிடுவார்கள் என்று பயந்து சக் ஈ. சீஸ் என்று பெயர் வைத்தார்கள். பகிடி என்னவென்றால், ஆரம்பத்தில் அந்த எலி சுருட்டும் கையுமாகத் திரிந்த ஒரு நியூ ஜேர்சி எலி. எங்கள் ஊர்க்காரன்!

இதைப் பார்த்து ஆசைப்பட்டவர் கன்சாஸ் மாநிலத்து விடுதி முதலாளி ரொபர்ட் புரொக். 1979 இல் புஷ்னெலோடு ஒப்பந்தம் போட்டார். பிறகு புளோரிடாவில் ஆரொன் ஃபெக்டர் என்ற இளைஞர் செய்த இயந்திர மிருகங்கள் இதைவிட வடிவாக ஆடுவதைக் கண்டார். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு 1980 இல் 'ஷோபிஸ் பீட்சா பிளேஸ்' என்று போட்டிக் கடை திறந்தார். வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது. 1983 இல் வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்தது. 1984 இல் புஷ்னெலின் நிறுவனம் வங்குரோத்து. அதை வாங்கியது யார்? அதே ஷோபிஸ். எலி ரெக்சாஸில் ஏர்விங் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

இனி வருவதுதான் எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிக முக்கியமான இடம். ஒரே நிறுவனம், இரண்டு பெயர், இரண்டு இசைக்குழு. ஃபெக்டரின் இயந்திரங்கள் கடைக்குச் சொந்தம். ஆனால் அந்தக் கரடி, ஓநாய், கொரில்லாப் பாத்திரங்களின் உரிமை ஃபெக்டரிடம். உரிமையைத் தா என்று கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. ஆகவே 1990 தொடக்கம் ஒவ்வொரு கடையாக இயந்திரங்களின் தோலை உரித்தார்கள். அதே எலும்புக்கூட்டுக்கு எலியின் தோலையும் அதன் கூட்டாளிகளின் தோலையும் மாட்டினார்கள். ஃபெக்டர் பெரிய வாடிக்கையாளரை இழந்தார், தொழில் படுத்தது. ஆனால் பாத்திரங்கள் அவர் கையில் இருந்தன. அந்தப் பழைய கரடியைத் தேடி இரசிகர்கள் பல வருடங்களுக்குப் பிறகும் அவரிடம்தான் வந்தார்கள்.

பாட்டுக்குக்கூட முதலாளி இருந்தார். உலகமே பாடும் பிறந்தநாள் வாழ்த்துப்பாட்டின் மெட்டு, கென்ரக்கி மாநிலத்து ஹில் சகோதரிகள் 1893 இல் வெளியிட்ட பாலர்பாட்டு. அதன் பதிப்புரிமை தங்களுடையது என்று ஒரு இசை நிறுவனம் 1988 இலிருந்து பணம் வசூலித்தது. அதனால்தான் இங்கே பல உணவகங்களில் பரிசாரகர்கள் கைதட்டிச் சொந்தமாக வேறு ஏதோ பாட்டுப் பாடினார்கள். 2015 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. 2016 இல் 1 கோடி 40 இலட்சம் டொலர் திருப்பிக் கொடுக்க இணங்கினார்கள்.

எலிக்கும் கெட்டகாலம் வந்தது. 2020 இல் கொரோனாவால் பிறந்தநாள் விழாக்கள் நின்றன. யூன் மாதம் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. தேங்கிக் கிடந்த ஏறக்குறைய 700 கோடி பரிசுச்சீட்டுகளை அழிப்பதற்கே 20 இலட்சம் டொலருக்கு மேல் செலவாகும் என்று நீதிமன்றத்தில் அனுமதி கேட்டார்கள். அதே வருடம் 'பஸ்குவாலி' என்ற பெயரில் இணையத்தில் பீட்சா வாங்கியவர்கள் அது எலியின் சமையலறையிலிருந்தே வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். பஸ்குவாலி அந்த இயந்திர இசைக்குழுவில் மேளம் அடிக்கும் சமையற்காரப் பொம்மை! நிறுவனம் மீண்டு எழுந்தது. ஆனால் 2024 இல் ஒருசில கடைகளைத் தவிர மற்ற இடங்களில் பொம்மைகளைக் கழற்றத் தொடங்கினார்கள். திரையும் ஆட்டமேடையும் போதுமாம். மக்டொனால்ட்ஸும் 2016 இல் ரொனால்டைப் பொது நிகழ்ச்சிகளில் குறைத்துக்கொண்டது. கடைக்கு வேண்டியது கூட்டம் மட்டும். வேறு வழியில் கூட்டம் வந்தால் கோமாளி செலவுக் கணக்கில் போய்விடுவான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. எங்களைப்போல அகதியாக வந்தவன். வார நாட்களில் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறான். சனி ஞாயிறுகளில் கோமாளி. நாலைந்து கடைகளில் அட்டை வைத்து, கடை திறப்புவிழாக்களில் இலவசமாகப் பலூன் முறுக்கிக் கொடுத்து, பெயர் எடுத்திருக்கிறான். இப்போது ஒரு விழாமண்டபக்காரர் கூப்பிடுகிறார். மணித்தியாலச் சம்பளம், நிரந்தர வேலை. ஆனால் உடுப்பு அவர்களுடையது, பெயர் அவர்களுடையது, வெளியே தனியாகச் செய்யக்கூடாது. "அண்ணை, என்ன செய்ய?" என்று கேட்டான்.

போகாதே என்று சொல்ல என்னால் முடியவில்லை. வாடகை மாதாமாதம் வரும். கனவு வாடகை கட்டாது. சம்பளத்துக்கு வேடம் போடுவது இழிவும் இல்லை. ஆனால் ஒன்று சொன்னேன். சம்பளத்துக்கு நேரத்தை விற்கலாம், பெயரை விற்காதே. அவர்களின் உடுப்பைப் போட்டால் அவர்களின் பெயரில் ஆடு. உன்னுடைய கோமாளியை அங்கே கொண்டுபோகாதே. தனியாகச் செய்யக்கூடாது என்ற வரியை எடுக்கச் சொல்லிக் கேள், எழுத்தில் கேள். அட்டையில் இருக்கும் தொலைபேசி இலக்கம் உன்னுடையதாக இருக்கட்டும். யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த மாதம் பிறந்தநாள் என்ற கொப்பி உன் வீட்டு இலாச்சியில் இருக்கட்டும். கடைக்காரர் இலவசப் பலூன் கேட்டால் கொடு. பதிலுக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் இடம் கேள். அது பிச்சை இல்லை, பண்டமாற்று.

ஊரில் காணியை விட்டோம், உறுதியையும் விட்டுவிட்டு வந்தோம். பிறகு எங்கள் வீடு எது என்று நாங்களே அத்தாட்சி தேடவேண்டி வந்தது. ஒரு பொருள் தன்னுடையது என்று காட்டக் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஹார்மனிடம் இருந்தது அந்தக் கடதாசி. ஸ்கொட்டிடம் இல்லாமல் போனதும் அதுதான்.

தம்பி இன்னும் முடிவு சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் கொடுக்கவேண்டுமாம்.

பி.கு: அவனுடைய கோமாளிக்கு ஒரு பெயர் இருக்கிறது. நல்ல தமிழ்ப்பெயர். பதிவு செய்யும்வரை வெளியில் சொல்லாதே என்று நானே சொல்லியிருப்பதால் இங்கே எழுதவில்லை.